பனைமர நிழலுக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

அப்பாவிப்பாளையத்துக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அவ்வளவுதான்.

மண்டையைப் பிளக்கும் சித்திரை வெயிலில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. கடும் வெப்பம், பருவநிலை மாற்றம் பற்றிப் பிள்ளைகளுக்கு மரநிழலில் வைத்துப் பாடம் நடத்த வேண்டும். ஒரு பிள்ளைகூட நிழலைத் தாண்டக் கூடாது. மாலையில் அதிகாரி வந்து பார்ப்பார். தவறினால் ஆசிரியருக்கு இடமாற்றம்.

அறிவியல் ஆசிரியர் செங்கோடனால் ஊரை விட்டுப் போக முடியாது. அவருடைய எருமை அப்போதுதான் கன்று ஈன்றிருந்தது. அது அவரைத் தவிர யாருக்கும் பால் கொடுக்காது.

பள்ளியில் இருந்ததோ ஒரே ஒரு பனைமரம். காலையில் அதன் நிழல் கோடு போட்டதுபோல நீண்டு கிடந்தது. அந்தக் கோட்டின்மேல் நாற்பது பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராக உட்கார வைத்தார். நிழல் நகர நகர வரிசையும் நகர்ந்தது. குறுக்கே வேலி வந்தது, பிடுங்கினார்கள். அந்த வழியாக ஓர் ஆடு வந்து வருகைப் பதிவேட்டைத் தின்றுவிட்டுப் போனது.

உச்சிவேளையில் நிழல் சுருங்கி மரத்தடியில் ஒரு தட்டளவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவராக மரத்தைக் கட்டிக்கொண்டு நெருக்கியடித்தார்கள். செங்கோடன் பதறிப்போய்த் தலைமையாசிரியர் அர்த்தனாரியைக் கூட்டிவந்தார்.

“காலைல அறுபதடி இருந்துச்சுங்க சார். இப்ப ஓரடிதான் இருக்குது.”

அர்த்தனாரி குனிந்து முழம் போட்டுப் பார்த்தார். “இதத்தான் பருவநிலை மாற்றம்னு எழுதியிருக்காங்க. நம்மூருக்கும் வந்துருச்சு.”

“என்னங்க சார் பண்றது?”

“வாடிப் போயிருக்குது. தண்ணி ஊத்துங்க.”

ஊற்றினார்கள். மரத்துக்கு இல்லை, நிழலுக்கு. குடிதண்ணீர் தீர்ந்ததும் சத்துணவுக்கு வைத்திருந்த ரசத்தையும் ஊற்றினார்கள். சற்று நேரத்தில் நிழல் மரத்தின் மறுபக்கமாகத் துளிர்த்து, மூன்று மணிக்கெல்லாம் முப்பதடி வளர்ந்துவிட்டது. செங்கோடனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அதிகாரியின் ஜீப் வந்து நின்றபோது பொழுது இறங்கியிருந்தது. பள்ளி, தெரு, ஏரிக்கரை, எங்கேயும் பொட்டு வெயில் இல்லை. இவ்வளவும் ஒரே மரத்து நிழலா என்று அவர் வாய் பிளந்தார். அவருக்கும் தாய்வழியில் அப்பாவிப்பாளையம்தான்.

தண்ணீர் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்று செங்கோடன் கைகட்டி நின்றார்.

“மன்னிப்பு எதுக்கு? உங்களுக்கு மாத்தலெல்லாம் இல்ல. அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு மரங்கூட இல்லீங்க. இதுல பாதிய மூட்டை கட்டிக் குடுங்க.”

சாக்குச் சாக்காக அள்ளி, வாயைக் கட்டி, ஜீப் கொள்ளுமட்டும் ஏற்றி அனுப்பினார்கள். பிறகு செங்கோடன் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, தலைமையாசிரியரின் காதோரம் மெல்லச் சொன்னார்:

“அத்தன மூட்டை குடுத்தும் குறையலீங்க சார். முன்னைக்கு இப்பக் கூடியில்ல இருக்குது.”