அலுத்துப்போன வெள்ளைக் கார்

கோழி டாக்டர் செங்கோட்டுவேலுக்கு ஐம்பது வயதில் ஒரு துக்கம் வந்து சேர்ந்தது. அவருடைய கார் பழுதாகவே மாட்டேன் என்கிறது என்பதுதான் அந்தத் துக்கம்.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஏழு வருஷமாக ஓடுகிற வெள்ளைக் கார். ஒரு நாள்கூட நடுவழியில் நின்றதில்லை. சாவியைத் திருப்பினால் கிளம்பும், பிரேக்கை மிதித்தால் நிற்கும். நாமக்கல் கடைவீதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் அதே மாதிரி ஆறு கார் வரிசையாக நிற்கும். நம்பரைப் பார்த்துத்தான் ஏற வேண்டும்.

துக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் மலைக்கொழுந்து சாமியிடம் போனார். கொல்லிமலை அடிவாரத்தில் மூன்று தென்னை, ஒரு கிணறு, ஒரு ஓட்டு வீடு. மடம் என்றால் அவ்வளவுதான். சாமிக்கும் டாக்டருக்கும் ஒரே வயது. பதினெட்டு வருஷம் லாரி ஓட்டி, அசாம் வரைக்கும் முட்டை ஏற்றிப் போனவர் சாமி. ஒரு நாள் லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினார், மறுபடி ஏறவில்லை. நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போகிற டாக்டர், தன்னைச் சீடன் என்று சொல்லிக்கொள்வார். சாமி அப்படியெல்லாம் சொன்னதில்லை. அவர் "டாக்டரே" என்பதோடு சரி.

"சாமி, ஒண்ணு கேக்கோணுங்க. சிரிக்கக் கூடாது."

"சிரிப்பு வந்தா சிரிச்சுத்தான் ஆகோணும். கேளுங்க."

"என் காரு எனக்கு அலுத்துப்போச்சுங்க."

சாமி சிரிக்கவில்லை. "என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்லீங்க. அதுதானுங்க கோளாறு."

இப்போது சிரித்தார்.

டாக்டர் விடவில்லை. சேலத்தில் ஒருவர் மாந்தோப்புக்குள் பழைய கார்களாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அதில் ஒரு கார் கடுகு மஞ்சள் நிறம், பொரியுருண்டை மாதிரி இருக்கும். இன்ஜின் பின்னால், சாமான் வைக்கிற இடம் முன்னால். கதவு மற்ற கார்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். இதையெல்லாம் சொல்லும்போது டாக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண் பார்த்துவிட்டு வந்த பையன் தோற்றான்.

"வெள்ளைக் காரக் குடுத்துட்டு அத எடுத்துக்கச் சொல்றாருங்க. வீட்டுல பூங்கொடி, அந்த டப்பா வாசல்ல வந்து நின்னா நான் அதுல கால வைக்க மாட்டேங்கறா. பிடிவாதமா இருக்கறா."

"அந்தம்மா சொல்றது இருக்கட்டும். அதுல அப்படி என்ன இருக்குது உங்களுக்கு?"

டாக்டர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன செவ்வாக்கிழம வீட்டுல இருந்து கெளம்புனனுங்க. அடுத்ததாப் பாத்தா பண்ணை வாசல்ல நிக்கறேன். நடுவுல இருபத்திரண்டு கிலோமீட்டரக் காணோம்."

"தூங்கிட்டீங்களா?"

"தூங்கியிருந்தாத் தேவலைங்களே! ரயில்வே கேட்டுல ஒழுங்கா நின்னிருக்கறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ரோட்டத் தாண்டறதுக்கு வழி விட்டிருக்கறேன். டீக்கடைக்காரர் கையாட்டுனாராம், நானும் ஆட்டுனனாம். அவரு சொல்லித்தான் தெரியும். எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. அந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணு குறுக்க ஓடியிருந்தா என்னங்க ஆகியிருக்கும்?"

வேட்டி நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கார் ஆசை ஆசைதான், ஆனால் அதற்குக் கீழே இந்தப் பயம் உட்கார்ந்திருந்தது. நாலு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த வண்டிக்கு நான் தேவையே இல்லீங்க சாமி. அது பாட்டுக்குப் போவுது. மஞ்ச வண்டின்னா அப்படி இல்ல. ஒவ்வொரு நிமிஷமும் ஆள எழுப்பிக்கிட்டே இருக்கும். அதுல நான் தொலைஞ்சு போக மாட்டேன்."

சாமி கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வந்தார்.

"சேலத்துக்காரரு ஓட்டிப் பாக்கக் குடுப்பாரா?"

"கேட்டாக் குடுப்பாருங்க."

"ஒரு மண்டலம் கேளுங்க. நாப்பத்தெட்டு நாள் மஞ்ச வண்டிய ஓட்டுங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வர வேண்டாம். வெள்ள வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க."

"இங்கயா? இங்க எதுக்குங்க?"

"எனக்குப் பால் வாங்கப் போகோணும்."

பால் சொசைட்டி கூப்பிடு தூரத்தில் இருந்தது. டாக்டர் குழம்பினார். குருவின் வார்த்தையில் காரணம் கேட்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்ததால் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

சேலத்துக்காரர் சம்மதித்தார். ஆனால் நாற்பத்தொன்பதாம் நாள் பதில் சொல்லிவிட வேண்டும், ஒன்று கார் கைமாற வேண்டும், இல்லை மஞ்சள் வண்டி தோப்புக்குத் திரும்ப வேண்டும் என்றார்.

முதல் வாரம் டாக்டர் தரையில் நடக்கவில்லை. சிக்னலில் நின்றால் பைக்கில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லாரி பட்டறையில் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கோழிப்பண்ணை வாசலில், நோய்க்கிருமி உள்ளே போகாமல் சக்கரத்தை நனைக்க மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். வண்டி அதில் இறங்கி ஏறியபோது அடித்தட்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து டாக்டரின் செருப்பை நனைத்தது. வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டரும் சிரித்தார். பண்ணைக்குள் கோழிகளைக் காட்ட வந்தவர்கள் அவரைக் காரைக் காட்டச் சொன்னார்கள்.

வண்டிக்கு ஆயிரம் சேட்டை. பிரேக்கை ஒரு தடவை மிதித்தால் சும்மா இருக்கும், இரண்டாம் தடவைதான் நிற்கும். இடது கதவைக் கயிற்றால் கட்ட வேண்டும். சரிவில் நிறுத்தினால்தான் மறுபடி கிளம்பும். டாக்டர் ஒவ்வொன்றையும் ஆசையாகக் கற்றுக்கொண்டார். ரயில்வே கேட் அவருக்கு இப்போது தெரிந்தது. கேட் கீப்பருக்கு மீசை இருந்ததுகூடத் தெரிந்தது. பயம் விட்டது, சோறு இறங்கியது.

பூங்கொடிகூட ஒரு தடவை ஏறினாள், கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டதால். கதவுக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனவள், இறங்கும்வரை அதை விடவில்லை.

மூன்றாவது வாரம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குறைந்தார்கள். நாலாவது வாரம் வாட்ச்மேன் சிரிக்கவில்லை, தொட்டிக்கு முன்னாலேயே டாக்டருக்கு ரப்பர் செருப்பு எடுத்து வைத்துவிட்டார்.

முப்பத்தாறாம் நாள் டாக்டர் வீட்டிலிருந்து கிளம்பினார். அடுத்ததாகப் பார்த்தால் பண்ணை வாசலில் நின்றிருந்தார்.

இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். சரிவு பார்த்து நிறுத்தியிருந்தது. கதவுக் கயிறு கட்டியிருந்தது, அவர் போடுகிற அதே முடிச்சு. காலில் ரப்பர் செருப்பு. பிரேக்கை இரண்டிரண்டாக மிதித்துத்தான் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்திருக்கவே முடியாது. கோழிக்குத் தடுப்பூசி போட வந்த டாக்டர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மண்டலம் முடிந்த மறுநாள் காலையிலேயே சாமி முன்னால் போய் நின்றார். சேலத்துக்காரர் இரண்டு தடவை போன் அடித்துவிட்டார்.

"என்ன டாக்டரே, முகம் ஏன் இப்படி இருக்குது?"

"ஒரு காரு அலுத்துப்போச்சுன்னு வந்தனுங்க. இப்ப ரெண்டு காரும் அலுத்துப்போச்சு."

சாமி உட்காரச் சொன்னார். டாக்டர் கொட்டித் தீர்த்தார்.

"சேட்டை இல்லாத வண்டியிலயும் காணாமப் போயிட்டேன், சேட்டை பண்ற வண்டியிலயும் காணாமப் போயிட்டேன். இன்னொரு கூத்துங்க. நேத்து மச்சினன் காரக் கொஞ்ச நேரம் ஓட்டுனேன், நல்ல காரு. அதுலயும் ரெண்டு தடவ பிரேக்க மிதிக்குதுங்க என் காலு. நான் சொல்லல, அதுவா மிதிக்குது. எனக்கு ஒரு எழவும் புரியல சாமி. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. சேலத்துக்காரருக்கு இன்னிக்குச் சாயங்காலம் பதில் சொல்லோணும்."

"சொல்லலாம். உங்க வெள்ள வண்டியப் பத்திச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"அந்த மாதிரி கோணங்கி வண்டிய நான் ஜென்மத்துல ஓட்டுனதில்ல."

டாக்டர் நிமிர்ந்தார். "என் வண்டியா?"

"உங்க வண்டிதான். காலையில முதல்ல ஸ்டார்ட் பண்ணுனா ஒரு பெருமூச்சு விடும், கேட்டிருக்கீங்களா? வெயில் ஏறிட்டா விடாது. பால் சொசைட்டி திருப்பத்துல ஒரு நாளைக்கு லேசா இழுக்குது, ஒரு நாளைக்கு இழுக்கறதில்ல. ஏன்னு பாத்தேன். பால் கேன் எந்தப் பக்கம் இருக்குதுங்கறதப் பொறுத்து."

"ஓஹோ" என்றார் டாக்டர்.

"பின் சீட்டுல வலது ஓரம் மட்டும் அமுங்கியிருக்குது. அங்க யாரு உக்காருவாங்க?"

"அது தடுப்பூசிப் பெட்டி வைக்கிற இடமுங்க. ஐஸ் போட்டு வைப்பேன்."

"அதுதானா? நான் பத்து நாள் யோசிச்சேன்." சாமி மேலே சொல்லிக்கொண்டு போனார்.

தடுப்பூசிப் பெட்டி என்றதும் டாக்டருக்கு அன்று காலையில் செல்போனில் பார்த்த படம் ஞாபகம் வந்தது. மூன்று சக்கரக் கார். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. நீல நிறம். ஓசூரில் யாரோ வைத்திருக்கிறார்கள். அதில் ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது? முன்னால் வைத்தால் பாரம் ஒரே சக்கரத்தில் விழும். "ம்" என்றார் சாமியைப் பார்த்து.

பின்னால் வைக்கலாம். ஆனால் வளைவில் மூன்று சக்கரம் சாயுமே. இந்த மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. மெதுவாகப் போனால் சாயாது. "ம், சரிங்க" என்றார். சாயாமல் இருக்கப் பூங்கொடியை இடது பக்கம் உட்கார வைக்க வேண்டும், அவள் உட்கார மாட்டாள். சாமியின் கை எதையோ சுட்டிக் காட்டியது, தென்னையையோ, தென்னைக்குக் கீழே நின்ற வெள்ளைக் காரையோ. "ம்... ம்" என்று டாக்டர் தலையாட்டினார். இரண்டு சக்கரத்தில் நிற்கிற வண்டி இருக்கும்போது மூன்று சக்கரம் ஏன் நிற்காது? நிற்கும். அதுவாவது தன்னை விழிக்க வைக்குமா? வைக்கும் என்றே தோன்றியது.

பேச்சு நின்றிருந்தது.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏதாவது கேட்டாக வேண்டும் போலிருந்தது. கேட்க வந்ததையே கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க சாமி. கடைசியா நான் என்னதான் பண்றது? அதச் சொல்ல மாட்டேங்கறீங்களே."

சாமி அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அதத்தானே இவ்வளவு நேரமாச் சொன்னேன்? இப்பத்தான் சொல்லி முடிச்சேன்."

டாக்டருக்குக் காது சூடேறியது. "மன்னிக்கோணுங்க. நான் கவனிக்கல."

"நீங்க கவனிக்கலையா?"

"இல்லீங்க சாமி."

சாமி உண்மையாகவே தெரியாதவர் மாதிரி கேட்டார்.

"அப்ப இத்தன நேரமா என் எதிர்ல உக்காந்து 'ம்' கொட்டிக்கிட்டு இருந்தது யாருங்க?"