பதினாறு பக்கப் பதில்

மலைமேல் ஒரு சின்ன மடம். அங்கே குரு ஓர் அம்மாள். தாயி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சீடர் செண்பகராமனுக்கோ தாயியைவிட வயது கூட. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், தலை நரைத்த பிறகு வந்து சேர்ந்தவர்.

வாரத்துக்கு ஒரு நாள்தான் தபால்காரர் மலையேறுவார். போன வாரம் அவர் கொண்டுவந்த கடிதம் செண்பகராமனைப் புரட்டிப் போட்டுவிட்டது. எழுதியது பூரணம். வாலிப வயதில் அவர் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, கைநழுவிப்போன பெண். முப்பது வருசத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லாமல் இருந்தவள்.

அன்றிலிருந்து பதில் எழுதுகிறார், எழுதுகிறார், எழுதிக்கொண்டே இருக்கிறார். எழுதுவதும் கிழிப்பதும்தான் வேலை. ஒவ்வொன்றையும் தாயியிடம் வாசித்து வேறு காட்ட வேண்டும். தாயி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாலும் இவர் விடமாட்டார், எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார்.

இன்றைக்குத் தபால்காரர் மறுபடி வந்துவிட்டார். வாசலில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தாயி, இது நல்லா வந்திருக்கு. கேளுங்க. 'பூரணம், நீ பிரிந்த நாள் முதல் என் நெஞ்சம் ஆளில்லாத ஊரின் கோயில் மணி...'"

"நேத்து தூர்ந்த கிணறுன்னு இருந்துச்சே?"

"மணிதான் தாயி பொருத்தம்."

"அதுக்கு முந்தி பட்டுப்போன வேப்பமரம். சரி, அடிங்க மணியை."

வாசித்தார். பக்கம் புரளப் புரள வாசித்தார். தொண்டை கட்டி இருமல் வந்துவிட்டது.

"தாயி, பானையில தண்ணி இருக்கா?"

பானை தாயிக்குப் பின்னால்தான் இருந்தது. தாயி திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"தண்ணி! ஆகா, அந்தச் சொல்லைக் கேட்டதுமே என் மனசு சுனைப் பக்கம் ஓடுது. சின்னப் பிள்ளையில முதல் மழைக்கு நனைஞ்சேனே, அந்த ஈரம் இன்னும்..."

"தாயி, இருமல்..."

"இருமல்! அது என் நெஞ்சுக்குள்ள எப்படியெல்லாம் எதிரொலிக்குது தெரியுமா?"

"இருக்கா இல்லையா, அதை ஒரு வார்த்தை சொல்லுங்க தாயி! மனுசன் இங்க மூச்சு முட்டிக் கிடக்கேன்!"

தாயி கண்ணைத் திறந்தார். சொம்பில் மொண்டு கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"பூரணம் என்ன கேட்டு எழுதியிருக்கா?"

"வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாராம். பிள்ளைங்க அவங்கவங்க பாட்டைப் பார்த்துக்கிறாங்களாம். 'ஒரு தடவை உங்களைப் பார்க்க வரலாமா'ன்னு..."

"அந்தக் காலத்துல கடைசியா எழுதினாளே, அப்ப என்ன கேட்டா?"

செண்பகராமன் சொம்பைக் கீழே வைத்தார்.

"'வெள்ளிக்கிழமை எனக்குப் பரிசம் போட வர்றாங்க. அதுக்குள்ள நீங்க வந்து எங்க அப்பாகிட்ட பேசுவீங்களா'ன்னு."

"பதில் போட்டீங்களா?"

"போடாம இருப்பேனா? அன்னிக்கே போட்டேன் தாயி. பதினாறு பக்கம்."

"வர்றேன்னு எத்தனாவது பக்கத்துல எழுதினீங்க?"

செண்பகராமன் விரல் மடக்கிப் பதினாறு பக்கத்தையும் எண்ணிப் பார்த்தார், அந்த ஒரு வார்த்தை எதிலும் இல்லை. வெளியே தபால்காரர் டம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது.

தாயி ஒரு போஸ்ட் கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

செண்பகராமன் பூரணத்தின் விலாசத்தை எழுதினார். 'வா' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

"தாயி, அடியில ஒரே ஒரு வரி..."

தாயி கார்டைப் பிடுங்கித் தபால்காரரிடம் நீட்டினார்.

"அதை அவ மலையேறி வந்ததும் சொல்லுங்க. முதல்ல தண்ணி குடுத்துட்டு."