வேங்கை மரத்தில் மிளா கொம்பு தேய்த்தது

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். காட்டுப் பேச்சைக் கத்திச் சொன்னால் அதில் இருக்கிற மிருகமெல்லாம் ஓடிவிடும், அப்புறம் கதையில் வெறும் மரம்தான் மிஞ்சும்.

அந்தக் காலத்தில் மிருகத்துக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சு. காட்டில் யார் போனாலும் போன வழி தெரியும். பன்றி போன இடம் உழுது போட்ட மாதிரி கிடக்கும். யானை போனால் பாதை போட்டுவிட்டுத்தான் போகும். மிளா மட்டும் அப்படி இல்லை. குதிரை மாதிரி நிற்கிற பெரிய மான் அது, ஆனால் சருகு மேல் நிழல் போகிற மாதிரி போய்விடும். குளம்படி ஒன்றிரண்டு கிடைத்தாலும் ஆணா, பெட்டையா, பால் கொடுக்கிறதா, ஒன்றும் சொல்ல முடியாது. ஆணுக்கு அன்றும் கொம்பு உண்டு. ஆனால் வருசம் முழுக்க அந்தக் கொம்பை மெத்தென்று ஒரு ரோமத் தோல் மூடியிருக்கும். எதில் பட்டாலும் கீறாது, சத்தமும் வராது. மலை அதுக்கென்று போர்த்திவிட்ட போர்வை என்று மற்ற மிருகங்கள் வயிற்றெரிச்சலோடு சொல்லிக்கொள்ளும்.

அந்த மலைச்சரிவில் ஒரு குடியிருப்பு. அங்கே ஈச்சன் என்று ஒரு வேட்டைக்காரன். அவன் பெண்சாதி செம்பி பிள்ளை பெற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தடம் காட்டாத மிருகத்தை எப்படி வேட்டையாடுவது? மூங்கில் புதருக்கு எதிரே மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்து, இலை அசைந்த இடத்தைப் பார்த்து எய்வார்கள். அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஒரு நாள் காலை, பனி விலகாத நேரம். இலை அசைந்தது. ஈச்சன் எய்தான். போய்ப் பார்த்தால் பெட்டை மிளா விழுந்து கிடக்கிறது. மடி கனத்துப் பால் புல்லில் வழிகிறது. கொஞ்சம் தள்ளி ஒரு குட்டி, அம்மா ஏன் எழுந்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது.

மடியில் பால் உள்ளதைக் கொன்றால் அந்தக் குடியிருப்பில் அன்று அடுப்பு எரியக் கூடாது. இறைச்சியை ஒருத்தரும் தொட மாட்டார்கள், குழி வெட்டிப் புதைத்துவிடுவார்கள். அந்தப் பருவத்தில் அப்படிப் புதைத்த குழிகள் ஏற்கெனவே நிறைய. மிளாக்கூட்டம் அங்கே தேய்ந்தது, குடியிருப்பு இங்கே பட்டினி கிடந்தது.

அவன் தலையைக் குனிந்து நிற்கும்போது எதிரே பனி கனத்துக் கறுத்த மாதிரி இருந்தது. பார்த்தால் மிளா. கழுத்து மயிர் கறுத்துச் சிலிர்த்திருந்தது. கொம்பு மரக்கிளையோடு கிளையாக மேலே போயிற்று. மிளாக்களுக்கெல்லாம் மூத்தது, கருங்கழுத்தன். அதை நேரில் கண்டவன் குடியிருப்பில் ஒருத்தனும் இல்லை. ஈச்சன் கையிலிருந்து வில் தானாக நழுவியது.

கருங்கழுத்தன் கோபப்படவில்லை. "ஈச்சா, எதைப் பார்த்து எய்தாய்?" என்று கேட்டது.

"இலை அசைஞ்சுது, மூத்தவரே."

"இலையில் ஆண் எது பெட்டை எதுன்னு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது. தெரியவிடாம நடக்கிறது நீங்கதான். ஒரு அடையாளம் வச்சுட்டுப் போனா நான் ஏன் கண்ணை மூடிக்கிட்டு எய்யப் போறேன்?"

"அப்போ இதில் தப்பு என் பேரில்."

"பாதி," என்றான் ஈச்சன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

கருங்கழுத்தன் குட்டியைப் பார்த்தது. "ஆண் போன வழி உனக்குத் தெரிந்தால், பெட்டையையும் குட்டியையும் விடுவாயா?"

"விடுவேன். என் வீட்டுப் பிள்ளை குடிக்கிற பால் மேல சத்தியம்."

குட்டியை முன்னால் விட்டுக் கருங்கழுத்தன் பனிக்குள் போயிற்று.

கூட்டத்தில் அதைச் சொன்னபோது இளவட்ட ஆண்களெல்லாம் குதித்தார்களாம். சில்லன் என்று ஒருவன், கொம்பு அப்போதுதான் கிளை விட்டிருந்தவன், "நல்லாருக்கு அண்ணே, நம்ம வீட்டுக்கு நாமே வழி சொல்லி, விருந்துக்கு வான்னு கூப்பிடுறது," என்று நக்கலடித்தான். பெட்டைகள் மேய்ந்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் தலை தூக்கிப் பார்த்தன, அவ்வளவுதான். கருங்கழுத்தன் அந்தப் பார்வைக்குத்தான் பதில் சொன்னது. "யாரையும் நான் போகச் சொல்லலை. முதலில் என் கொம்பு."

நேரே ஒரு வேங்கை மரத்துக்குப் போயிற்று. கொம்பை மரத்தோடு வைத்து அழுத்தித் தேய்த்தது. போர்வைத் தோல் கிழிந்தது. தோலுக்கு அடியில் உயிர் ஓடுகிற கொம்பு அது, ரத்தம் கண்ணில் வழிந்தது. விடவில்லை. தோல் நார் நாராகத் தொங்க, பட்டை உரிந்து மரம் வெள்ளையாகத் தெரிய, தேய்த்துக்கொண்டே இருந்தது. வேங்கைக்கும் காயம் பட்டால் சிவப்பாகத்தான் வடியும். மரம் வடித்தது எது, மிளா வடித்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் இரண்டும் சேர்ந்து இறங்கிற்று. பிறகு கருங்கழுத்தன் முன்காலால் மண்ணைப் பறித்தது, அதில் தன் மூத்திரத்தை விட்டது, பக்கத்துச் சேற்றில் புரண்டு எழுந்து நடந்தது. சில்லன் பக்கத்து மரத்தில் போய்க் கொம்பை வைத்தான்.

மறுநாள் ஈச்சன் வந்தான். வேங்கையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். தொட்டான், விரல் சிவந்தது. காயம் அவன் நெஞ்சுக்கு மேல் இருந்தது, வந்தது பெரியது. பிசினில் கறுத்த மயிர் ஒட்டியிருந்தது, கழுத்து மயிர். பறித்த மண்ணை மோந்தான், நெடி மூக்கைக் குத்தியது, ஆண். சேற்றில் விலாவின் அச்சும் கொம்பு குத்திய குழியும், எழுந்து கிழக்கே திரும்பிய அடியும் அப்படியே கிடந்தன. இத்தனை நாள் வெறும் பச்சையாகத் தெரிந்த காடு அது. கண்ணில் நீர் முட்ட, வில்லைக் கீழே வைத்துவிட்டு மரத்தைக் கும்பிட்டான்.

அங்கிருந்து போகும்போது பக்கத்தில் இலை அசைந்தது. வீட்டில் பட்டினி. கை பழக்கத்தில் நாணை இழுத்துவிட்டது. ஈச்சன் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிலும் மரங்களைப் பார்த்தான். ஒன்றிலும் காயம் இல்லை, மண்ணிலும் பறிப்பு இல்லை. நாணைத் தளர்த்தினான். புதரிலிருந்து பெட்டை ஒன்று வெளியே வந்தது, பின்னாலேயே அதன் குட்டி. அவனைப் பார்த்தும் ஓடாமல் தாண்டிப் போயின.

அதற்கப்புறம் அந்தப் பருவம் முடிகிற வரைக்கும் குடியிருப்பில் ஆண் மிளா இறைச்சிதான் வெந்தது. பால் மடிக்காக ஒரு குழிகூட வெட்டவில்லை. செம்பிக்கும் பால் ஊறியது. கருங்கழுத்தன் மட்டும் யார் அம்புக்கும் கிடைக்கவில்லை. அது உரசிக் காயம் பட்ட மரம் தினம் ஒன்று புதிதாகத் தெரியும், ஆள் தெரியாது.

ஒரு நாள் காலை ஈச்சன் அதை விடுவதில்லை என்று கிளம்பினான். உரசின மரம், பறித்த மண், மறுபடி மரம். போகப் போகப் பிசின் ஈரம், மயிர் புதிசு. கடைசியில் குளம்படிக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. இதோ, அடுத்த புதர் என்று காலை எடுத்து வைத்தவன், அந்த அடிக்குப் பக்கத்தில் மனிதக் காலடி கிடப்பதைப் பார்த்தான். சுண்டுவிரல் விலகிய காலடி. அவனுடையதேதான், அன்று காலை அந்த வழியாகப் போனபோது பதிந்தது. அதன் மேல், பெருவிரல் பதிந்த பள்ளத்துக்குள், மிளாவின் குளம்பு அழுத்தமாக இறங்கியிருந்தது. மெல்லத் திரும்பினான். அவன் சற்று முன் தாண்டி வந்த மரத்தில், வரும்போது இல்லாத காயம் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று முதல்தான், மலை வருசா வருசம் போர்வையைத் திரும்பப் போர்த்திவிட்டாலும், ஆண் மிளா அதை மரத்தில் தேய்த்துக் கிழித்துப் போட்டு, வந்தது நான் என்று சொல்லிவிட்டுப் போகிறது. சொல்லிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தேடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நின்று அவன் தடத்தைப் படிக்கிறது.