காந்தச் சுழல்கள் படிகத்தில் இடம்பிடித்த கதை

அந்தக் காலத்தில் கல்லும் காந்தமும் பேசும். பேசுவது மட்டுமா, வாயாடும்.

அப்போது படிகக்கோட்டை என்று ஓர் ஊர் இருந்தது. எங்கும் உறைகுளிர். அங்கே குடியிருந்த மின்துகள்கள் தனியே நடக்க மாட்டார்கள். இரண்டிரண்டு பேராகக் கைகோத்துத்தான் போவார்கள். கைகோத்தவர்களின் கால் எதிலும் இடறாது, வேகமும் குறையாது. சூடு வந்தால் மட்டும் கை வியர்த்து வழுக்கிவிடும். அதனால் ஊர்த்தலைவி பனிமொழிக்குச் சூடு என்ற சொல்லே ஆகாது. காந்தத்தையும் உள்ளே அண்டவிட மாட்டாள்.

வெளியே முட்டி மோதிக்கொண்டு கிடந்த காந்தச் சுழல்களில் ஒருவன் சுருளி. சுற்றுவது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. நெரிசல் தாங்காமல் ஒருநாள் துணிந்து கோட்டைக் கதவைத் தட்டினான்.

"தாயி, ஊசி குத்துற இடம் குடுத்தாப் போதும். நின்ன இடத்துலயே சுத்திக்கிட்டுக் கிடப்பேன்."

"நீ ஒருத்தன்தானே?" என்றாள் பனிமொழி.

"நானும் என் சொந்தக்காரங்களும்."

"எத்தனை பேரு?"

சுருளி தலையைச் சொறிந்தான். "ஒருத்தனும் சுத்தாம நிக்க மாட்டானுங்க தாயி, எப்படி எண்ணுறது?"

வெளியே காந்தம் நெருக்கிய நெருக்கில் கோட்டைச் சுவர் முனகியது. மொத்தமாக இடிந்து விழுவதைவிட இது மேல் என்று பனிமொழி கதவைக் கொஞ்சம் திறந்தாள். "ஒல்லியா இருக்கிறவங்க மட்டும் வாங்க. உங்களால என் ஜனங்க கை பிரிஞ்சுது, அன்னைக்கே வெளியே!"

உள்ளே வந்ததுமே சண்டை. ஒரு சுழலுக்கு இன்னொரு சுழலைக் கண்டால் ஆகாது. "தள்ளி நில்லுடா!" என்று பக்கத்தில் நின்ற திருகாயி கத்தினாள். சுருளி தள்ளி நின்றான். அந்தப் பக்கத்துக்காரன் கத்தினான். இப்படியே மூன்று நாள் தள்ளித் தள்ளி, ஒவ்வொருவரைச் சுற்றியும் ஆறு பேர், எல்லோருக்கும் ஒரே தூரம் என்று வந்து நின்றார்கள். யாருக்கும் திருப்தியில்லை. ஆனால் நகர்ந்தால் இன்னும் மோசம்.

அந்த வாரமே ஊர்த் திருவிழா. கைகோத்த ஜோடிகள் கோடிக்கணக்கில் ஒரே திசையில் ஓடினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் சுழல்களின் வரிசை மொத்தமும் பக்கவாட்டில் சறுக்கியது. சறுக்கிய தடமெல்லாம் சூடு. ஒரு ஜோடியின் கை வழுக்கியது. தனியானவள் இடறி விழுந்து ஓவென்று அழுதாள்.

"சுருளி!" பனிமொழி அலறினாள். "நின்ன இடத்துலயே சுத்துவேன்னியே!"

சுருளி நாலு பக்கமும் கைநீட்டித் துழாவினான். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, தரையெல்லாம் வழவழ. அப்போதுதான் எதிரே ஒரு பள்ளம் தெரிந்தது. ஊரைக் கட்டியபோது கொத்தனார் அங்கங்கே கல் வைக்க மறந்த இடங்களில் ஒன்று அது. ஊருக்கே அவமானம் என்று ஜோடிகள் அங்கே கால்வைப்பதே இல்லை.

"ஐயோ, அதுல விழாதே! அசிங்கம்!" என்றாள் பனிமொழி.

சுருளி கண்ணை மூடிக்கொண்டு குதித்தான். ஆட்டுக்கல்லில் குழவி மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தான்.

பின்னால் சறுக்கி வந்த திருகாயி, "நகருடா!" என்றாள்.

"மாட்டேன்."

"உன் மேலேயே வந்து விழுவேன்!"

"வா, பாக்கலாம்."

எங்கே வருவாள்? அவன் வாடையே அவளுக்கு ஆகாதே! அவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவன் நின்றான். முன்னால் போனவர்களில் நாலைந்து பேர் ஆளுக்கொரு பள்ளம் பார்த்து விழுந்தார்கள். வரிசை முழுவதும் அசையாமல் நின்றது. சூடு தணிந்தது. அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கைகோத்து ஓடினாள்.

பனிமொழி கொத்தனாரைக் கூப்பிட்டாள். "இன்னும் நாலு இடத்துல பள்ளம் வை."

"நாலைஞ்சு கல்லை விட்டதுக்கே அந்தத் திட்டுத் திட்டினீங்களேம்மா!"

"திட்டினதும் நான்தான், வைக்கச் சொல்றதும் நான்தான். போ!"

அன்று நின்றவைதான், குளிர்ந்த படிகத்துக்குள் காந்தச் சுழல்கள் இன்றைக்கும் ஆளுக்கு ஆறு அண்டைவீட்டாரோடு வரிசைகட்டி நிற்கின்றன. தடையில்லாமல் மின்சாரம் ஓடும் படிகத்தைச் செய்கிறவர்களும் அன்று முதல்தான் அதில் வேண்டுமென்றே சில குறைகளை விட்டுவைக்கிறார்கள்.