அரசன் ஆணை நுழையாத இடம்

முன்னொரு காலத்தில் செம்மலை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தால் ஒருவனுக்கு யானையைப் பரிசளிப்பான். மறுநாளே அதைத் திருப்பிக் கேட்பான். அவனுடைய அமைச்சர் இளநம்பி ஒரு காலத்தில் கோயில் அர்ச்சகர். ஊர்ச் சண்டையில் மனம் கசந்து கோயிலை விட்டவர். கொஞ்ச நாள் வீட்டிலேயே பூஜை செய்தார். ஒரு காலையில் கைகூப்பியபோது, எதிரே யாருமில்லை என்று தோன்றிவிட்டது. அதன்பின் எவ்வளவு தேடியும் அந்தப் பழைய நெருக்கம் திரும்பவில்லை.

அவருடைய செல்வாக்கைப் பார்த்து வயிறெரிந்த கோயில் கண்காணி வீரட்டர், ஒருநாள் சபையில் போட்டு உடைத்தார். "மகாராஜா! உங்கள் அமைச்சர் பெயரில் மட்டும்தான் நம்பி. சாமியே இல்லை என்கிறார்!"

"உண்மையா?" என்று ராஜா இளநம்பியைக் கேட்டான்.

"உண்மைதான் பிரபு. இருக்கிறது என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்ல வாய் வரவில்லை."

ராஜாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உச்சிப்பொழுதுக்குள் நீர் நம்பியாக வேண்டும். இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போம்! இது ஆணை."

வீரட்டர் மீசைக்குள் சிரித்தார்.

"முயல்கிறேன் பிரபு. ஆனால் ஆணைக்கேற்ப மனத்தைத் திருப்பும் வித்தை எனக்குத் தெரியாது. வீரட்டர் ஒரே ஒரு நாழிகை நம்பாமல் இருந்து காட்டட்டும். பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்" என்றார் இளநம்பி.

ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. "வீரட்டரே, ஒரு நாழிகை நம்பாதீர்!"

"இதோ, விட்டுவிட்டேன்" என்றார் வீரட்டர் சட்டென்று.

"அப்படியானால் இந்தச் சபை மாடத்தில் சாமி முன்னால் எரியும் அந்த விளக்கை ஊதி அணைத்துவிடும்" என்றார் இளநம்பி. "இப்போது உமக்கு அது வெறும் எண்ணெயும் திரியும்தானே?"

வீரட்டர் விளக்கருகே குனிந்தார். கன்னம் உப்பியது. மூச்சு வெளியே வரவில்லை.

"ஊதும்! இல்லையேல் தலை போகும்!" என்று ராஜா கத்தினான்.

வீரட்டர் அப்படியே மண்டியிட்டு விசும்பினார். "முடியவில்லை மகாராஜா. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

இளநம்பிக்கு அவரை மடக்கிவிட்டோம் என்ற நினைப்பே போய்விட்டது. இந்தப் பொறாமைக்காரருக்குள் இவ்வளவு பெரிய ஒன்றா! தன்னிடமும் இருந்து போனது இதுதானே! அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓடிப்போய் வீரட்டரைத் தூக்கி நிறுத்தினார்.

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்தான். "என் ஒரு சொல்லுக்கு மலையைக் குடைந்தார்கள், ஆற்றைத் திருப்பினார்கள். இந்த இரண்டு நெஞ்சுக்குள் என்னால் ஓரடிகூட வைக்க முடியவில்லையே!" அவன் குரல் தாழ்ந்திருந்தது. ஆணையைத் திரும்பப் பெற்றான். தன் முத்துமாலையைக் கழற்றி இளநம்பிக்குப் போட்டான். "வீரட்டரே, உம் சாமியைப் பாரும். அடுத்தவர் மனசுக்குக் காவல் நிற்காதீர்."

வீரட்டர் தலைகுனிந்தார். பிறகு இளநம்பியிடம் மெல்லக் கேட்டார்: "உமக்காக வேண்டிக்கொள்ளட்டுமா?"

"வேண்டிக்கொள்ளும். எனக்கு அங்கே யாரும் தெரியவில்லை. ஆனால் நீர் பேசுவதைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது."

வீரட்டர் கண்மூடினார். அவர் வேண்டி முடிக்கும்வரை இளநம்பி பக்கத்திலேயே, அசையாமல் நின்றார்.