இலை போட்டாயிற்று

“ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை, அடிகளே. நீங்கள் சொல்லி அனுப்பியதைத்தான் சொன்னேன். சாத்தன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை,” என்றார் ஆதன்.

மடத்தின் தலைவி செங்கோதை அடிகள், ஆதனைவிட வயதில் இளையவர். சுவரைப் பார்த்து உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவரும் திரும்பவில்லை.

“என்ன சொன்னீர்?”

“‘இலை போட்டாயிற்று, வாருங்கள்.’ வேறென்ன?”

உச்சிவேளையில் அந்த மடம் எவரையும் உண்ண அழைக்கும் சொல் அது. அரசன் வந்தாலும் ஆடு மேய்ப்பவன் வந்தாலும் அதே சொல்; கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அழைக்கும் பணி அந்த மாதம் ஆதனுடையது.

எதிர்ப் பாறையில் சாத்தன் வடக்கு நோக்கி அமர்ந்திருந்தார். உண்ணாமல் உயிரை விடுவது என்று துணிந்துவிட்டார்.

இருவரும் ஒரே நாளில் மடம் புகுந்தவர்கள். சென்ற பௌர்ணமி அவையில் சாத்தன் பொழுது சாயும்வரை வாதிட்டார். அவர் முடித்ததும் ஆதன் அவையைப் பார்த்து, “சரி, இனி யாராவது பேசலாமே,” என்றார்.

அவை சிரித்தது.

சாத்தன் மேலாடையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாறை ஏறினார். இன்று அவருக்கு உதடு வெடித்துவிட்டது. நாளை அழைத்தால் கேட்பதற்கு உயிர் இருக்குமா என்பதே ஐயம்.

“வீம்பு பிடித்தவன்,” என்றார் ஆதன். “சொல்லில் குற்றமில்லை. கேட்கிறவனிடம் குற்றம்.”

“நல்லது. மற்றவர்களையும் அழையும். ஒவ்வொருவரை அழைத்ததும் என்னிடம் வந்து நில்லும்.”

ஆதன் முற்றத்துக்குப் போய் அழைத்தார். திரும்பி வந்தார்.

“விறகு கொண்டுவரும் மூக்கன்,” என்றார் அடிகள், சுவரைப் பார்த்தபடியே.

ஆதன் திகைத்தார். மூக்கன் வாய் திறக்கவே இல்லை.

மறுபடி வெளியே போனபோது மூக்கன் மெல்லக் கேட்டான்: “சாமி, இலை எனக்கா, என் விறகுக்கா?”

ஆதன் அதைக் காதில் வாங்காமல் வாயிற்பக்கம் போய் அழைத்துவிட்டு வந்தார்.

“நமக்கு நெல் அனுப்பும் வணிகர்.”

ஆதனுக்கு மேனி சிலிர்த்தது. கூடவே ஒரு குறும்பும் எழுந்தது. கொல்லைப்புறம் போனார். அங்கே ஒரு காக்கைகூட இல்லை. வெறும் வெயிலைப் பார்த்து, “இலை போட்டாயிற்று, வாருங்கள்,” என்றார். வந்து நின்றார்.

புளியில் கை நின்றது.

“சாத்தன்,” என்றார் அடிகள்.

ஆதன் சிரித்துவிட்டார். “தவறிவிட்டீர்கள், அடிகளே. அங்கே யாருமே இல்லை.”

அடிகள் அப்போதுதான் திரும்பினார்.

“காற்று இந்தப் பக்கம் அடித்தால் பாறையடியில் பேசுவது இங்கே கேட்கும். இத்தனை நாளும் கேட்டேன். இதே குரல்தான்.”



ஆதன் வெளியேறினார். மூக்கனைத் தாண்டினார், வணிகரைத் தாண்டினார். நாள்தோறும் பாறையின் அடியில், மரநிழலில் நின்றே கூப்பிட்டுவிட்டுத் திரும்புவார். இன்று ஏறினார். பாறை உள்ளங்காலைச் சுட்டது.

உச்சியில் சாத்தனைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

கண்கள் மூடியிருந்தன. வலப் புருவத்தில் ஒரு தழும்பு. மடம் புகுந்த அன்று இருவரும் ஒரே குடத்தைத் தூக்கிக்கொண்டு படியில் சறுக்கி விழுந்தபோது பட்டது. அதற்குப் பின் அந்தத் தழும்பை எப்போது பார்த்தோம் என்று ஆதனுக்கு நினைவில்லை.

விலா எலும்புகள் மெல்ல எழுந்தன, தாழ்ந்தன. மறுபடி எழுமா என்று ஆதன் காத்திருந்தார்.

எழுந்தன.

மலையெல்லாம் பேச்சற்று நிற்பதாக அவருக்குத் தோன்றியது. கைகள் தாமாகக் குவிந்தன. சொல் வர நெடுநேரமாயிற்று. வந்தபோது அது தம் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

“இலை போட்டாயிற்று, வாருங்கள்.”

சாத்தன் கண்களைத் திறந்தார். எதிரே இருந்தவரை நெடுநேரம் பார்த்தார்.

“ஆதா,” என்றார். “நீ எப்போது வந்தாய்?”