பின்னந்தலை வில்லன்

கீழப்பொட்டல் நாடகக் குழுவில் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கான மூளைகூட இல்லை. மரியாதையாகத்தான் சொல்கிறேன்.

இந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு கல்யாணக் காமெடிப் படத்தை, பாட்டு டான்ஸோடு மேடையில் போடுவதாக ஒத்துக்கொண்டார்கள். கமிட்டித் தலைவர் ஆவுடையப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்:

"படத்துல என்ன வருதோ, அது அப்படியே மேடையில வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த வருஷம் மேடை பக்கத்தூர்க்காரனுக்குத்தான்."

குழுவுக்கு அந்த மேடையை விட்டால் வேறு மேடை கிடையாது. பயந்துபோய்ப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். படம் என்றால், யாரோ தியேட்டரில் உட்கார்ந்து போனில் திருட்டுத்தனமாக எடுத்தது. ஊர் முழுக்க அதைத்தான் பார்த்திருந்தது.

முதல் பாட்டிலேயே திரைக்குக் குறுக்கே ஒரு பின்னந்தலை போனது.

"யாரு அண்ணாச்சி இது?" என்றான் கதாநாயகன் சுடலைக்கண்ணு.

"வில்லன்ல," என்றார் டைரக்டர் வெள்ளைப்பாண்டி. "கடைசி வரை மூஞ்சியவே காட்ட மாட்டான். என்னா சஸ்பென்ஸ்!"

"கையில பாப்கார்ன் வச்சிருக்கானே?"

"ஈவு இரக்கம் இல்லாதவன். குடும்பமே அழும்போதும் தின்னுக்கிட்டுத்தான் போவான்."

வில்லன் வேஷம் பேச்சிமுத்துவுக்கு. ஒரு வாரம் சுவரைப் பார்த்து நின்று, பின்னந்தலையாலேயே முறைத்துப் பழகினான்.

அடுத்து, கதாநாயகி அழும் இடத்தில் எங்கிருந்தோ ஒரு கைக்குழந்தை வீறிட்டது. கதாநாயகியாக நடிக்கும் முத்தரசி சண்டைக்கு வந்துவிட்டாள்.

"இது யாரு பெத்த பிள்ளை? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!"

வெள்ளைப்பாண்டி யோசித்தார். "அதுக்குத்தாம்மா நீ அழுத."

கடைசிக் காட்சிதான் எல்லோரையும் திணறடித்தது. கதாநாயகன் தாலியைக் கையில் எடுக்கிறான். உடனே படம் கிடுகிடுவென ஆடுகிறது. செருப்புக் கால்கள் ஓடுகின்றன. "ஏய், போனைக் குடுடா!" என்று ஒரு சத்தம். இருட்டு. அவ்வளவுதான்.

"மாப்பிள்ளைகிட்ட எதுக்குப் போனைக் கேக்காவ?" என்றான் சுடலைக்கண்ணு.

"பொண்ணு வீட்டுல குடுத்த போனுல்ல அது. கல்யாணம் நின்னா திருப்பிக் கேக்க மாட்டாவளா?"

கொடையன்று பேச்சிமுத்து குறுக்கே போனபோதெல்லாம் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். இரவல் வாங்கிய குழந்தை அழாமல் சிரித்ததால் வெள்ளைப்பாண்டியே வீறிட்டார். கடைசியில் ஆட்கள் மேடைக்கு அடியில் புகுந்து பலகையை ஆட்டினார்கள். திரையை முழங்கால் வரை இறக்கி, கால்கள் மட்டும் தெரிய எல்லோரும் ஓடினார்கள். "போனைக் குடுடா!" விளக்கை அணைத்தார்கள்.

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அச்சு அசல் படம்! மேடை உங்களுக்குத்தான்ல!"

சென்னையிலிருந்து வந்திருந்த அவருடைய மருமகன் மட்டும் தலையைச் சொறிந்தார். "மாமா, படத்துல கல்யாணம் நடக்கும். நான் தியேட்டர்லயே பாத்தேன்."

"வில்லன் வந்தானா மாப்ள?"

"வில்லனா? அப்படி யாரும் இல்லையே."

ஊரே உச்சுக் கொட்டியது.

"அடப்பாவிகளா! வில்லனை வெட்டிட்டுப் படத்தைக் காட்டி எம் மருமகனை ஏமாத்தியிருக்கானுவ!"

மறுநாளே வேன் பிடித்து, சென்னைத் தியேட்டர்காரனிடம் நியாயம் கேட்கக் கிளம்பினார்கள். தியேட்டர் வாசலில் ஆவுடையப்பன் கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தி, மிரட்டுவதற்குப் பேச்சிமுத்துவை முன்னால் விட்டார்.

அவன் பின்பக்கமாகவே நடந்து உள்ளே போனான்.